எண்ணெய் வித்தும் மரபணுவும்: அப்பா கேட்ட கேள்வி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எண்ணெய் வித்துப் பயிர்களில் மரபுப் பொறியியல்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் என் வகுப்புத் தோழர் ஒருவர், "ஏம்ப்பா, சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். முன்னாடிதான். ஆகவே சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

இந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருந்தே தொடங்குகிறேன். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எண்ணெயின் அயோடின் எண் கண்டுபிடிக்கும் செய்முறை வந்தது. ஓர் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு இருக்கின்றன என்பதை அந்த எண் சொல்லும். தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 8, 10 என்று வர வேண்டும். கடலை எண்ணெய் என்றால் 90-ஐ ஒட்டி வரும். விடுதி அறையில் தலைக்குத் தேய்க்க நான் கடையில் சில்லறையாக வாங்கி வைத்திருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு 40 வந்தது. ஆசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ தேங்காயை ஆட்டினியா, வேற எதையாவது ஆட்டினியா?" என்றார். வகுப்பே சிரித்தது. மறுபடி செய்தேன், 41. மூன்றாம் முறையும் அதேதான். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் உங்க வீட்டு எண்ணெயைக் கொண்டு வா" என்றார். எங்கள் ஊர் பொள்ளாச்சிப் பக்கம், சொந்தத் தோப்பு. வீட்டு எண்ணெய்க்கு 8 வந்தது. என் கணக்கில் தப்பில்லை, புட்டியில்தான் தப்பு என்று அப்போது தெரிந்தது. யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள்.

ஓர் எண்ணெயின் குணத்தை அதற்குள் இருக்கும் கொழுப்பு அமிலங்களே தீர்மானிக்கின்றன, பெயர்ப்பலகை அல்ல என்று அன்று கற்றேன். பிறகு நான் படித்த முனைவர் பட்டமும், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சியும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரை என்றே சொல்லலாம்.

இப்போது கொஞ்சம் பாடம். தூங்கிவிடாதீர்கள்.

எண்ணெய் என்பது கிளிசரால் என்ற ஒரு சிறிய முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்குவது. ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் ஒரு கார்பன் சங்கிலி. விதைக்குள் இந்தச் சங்கிலி இரண்டிரண்டு கார்பனாக நீண்டுகொண்டே போகும். எங்கே நிறுத்துவது? பூக்காரம்மா சரத்தை முழம் போட்டு நறுக்குகிறாரே, அதுபோல நறுக்கித் தருவதற்கு ஒரு நொதி இருக்கிறது. தயோஎஸ்டரேஸ் என்று பெயர். கடுகு, சோயா, கடலை இவற்றில் அந்த நொதி 16-லோ 18-லோதான் நறுக்கும். தேங்காயில் பெரும்பாலும் 12-இலேயே நறுக்கிவிடும். அந்தப் பன்னிரண்டு கார்பன் அமிலம்தான் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி அதுதான். சோப்பு நன்றாக நுரைக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்த அமிலம்.

சங்கிலிக்குள் இரட்டைப் பிணைப்பு போடுவது வேறு நொதிகளின் வேலை. ஒரு பிணைப்பு இருந்தால் ஒலியிக் அமிலம். பேட்-2 என்ற மரபணு தரும் நொதி இரண்டாவது பிணைப்பைப் போட்டு லினோலியிக் ஆக்கும். பேட்-3 மூன்றாவதைப் போட்டு லினோலெனிக் ஆக்கும். பிணைப்பு கூடக் கூட எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இந்த இரண்டு மரபணுக்களும் 1990-களின் முதற்பாதியில் அரபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியில் பிரித்தெடுக்கப்பட்டன.

மரபணு மாற்றம் வருவதற்கு முன்பே எண்ணெயை மாற்றியவர்கள் உண்டு. கனடாவில் கீத் டௌனி, பால்டுர் ஸ்டெபான்சன் என்ற இருவரும் ரேப்சீட் என்னும் கடுகினப் பயிரை எடுத்துக்கொண்டார்கள். அதன் எண்ணெயில் எரூசிக் அமிலம் அதிகம். உணவுக்கு அது நல்லதா என்ற ஐயம் இருந்தது. டௌனி ஒரு வேலை செய்தார். ஒரு விதையை எடுத்து, அதன் ஒரு விதையிலையை மட்டும் வெட்டிப் பரிசோதிப்பது. மீதியை நட்டு முளைக்க வைப்பது. 1963-இல் வெளிவந்த முறை இது. ஊசிமுனை அளவு விதையில் பாதியைச் சோதித்து, பாதியைப் பயிராக்கியிருக்கிறார்கள்! இப்படித் தேடிப் பொறுக்கி, 1968-இல் எரூசிக் குறைந்த முதல் ரகமும், 1974-இல் எரூசிக்கும் பிண்ணாக்கின் காரப் பொருளும் இரண்டுமே குறைந்த ரகமும் வந்தன. 1978-இல் அதற்குக் கனோலா என்று பெயர் வைத்தார்கள். இதில் வெளி மரபணு ஒன்றுகூட இல்லை. பொறுமைதான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் நான் சொல்ல வந்த கதை. கலிபோர்னியா மாநிலத்தில் டேவிஸ் என்ற ஊரில் கால்ஜீன் என்று ஒரு நிறுவனம். அங்கே மலைப்பகுதியில் கலிபோர்னியா பே என்று ஒரு மரம் வளர்கிறது. நம் பிரியாணி இலை, இலவங்கப்பட்டைக்கு உறவுமுறை. அதன் விதையில் லாரிக் அமிலம் நிறைய. அந்த மரத்திலிருந்து 12-இல் நறுக்கும் நொதியின் மரபணுவை எடுத்தார்கள். 1992-இல் அரபிடாப்சிஸ் செடியில் அது வேலை செய்கிறது என்று காட்டினார்கள். பிறகு கனோலாவுக்குள் வைத்தார்கள். செடி முழுதும் அது வேலை செய்ய வேண்டியதில்லை. ஆகவே விதையில் மட்டும் விழித்துக்கொள்ளும்படி ஒரு சுவிட்சையும் சேர்த்தார்கள். லாரிக் அமிலமே இல்லாத கடுகு விதையில் 40 சதவீதத்தை ஒட்டி லாரிக் அமிலம் வந்தது. 1994-இல் அமெரிக்க வேளாண் துறை அனுமதித்தது. 1995 வாக்கில் வணிகச் சாகுபடிக்கு வந்தது. எண்ணெயின் இயல்பை மாற்றி விற்பனைக்கு வந்த முதல் மரபணு மாற்றப் பயிர் இதுதான்.

எதற்காக இவ்வளவு பாடு? தேங்காய் எண்ணெயும் செம்பனைக்கொட்டை எண்ணெயும் வெப்ப நாடுகளிலிருந்து வருகின்றன. அதை நம் வயலிலேயே விளைவித்துக்கொண்டால் என்ன என்பதுதான் எண்ணம்.

1995 கடைசியில் நான் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். கொப்பரைக் களத்தில் அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. நான் அந்த நிறுவனத்தில் வேலை செய்தவன் அல்ல; ஆனாலும் என் துறை, என் நொதிகள். பூக்காரம்மா உவமையெல்லாம் சொல்லி விளக்கினேன். அப்பா ஐந்தாவது வரை படித்தவர். கடைசி வரை கேட்டுவிட்டு, களத்தில் காய்ந்துகொண்டிருந்த பருப்பைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஏங்கண்ணு, அவன் தேங்காயைக் கடுகுலயே காய்க்க வெச்சுட்டான்னா, நம்ம மரத்தை என்ன பண்றது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கப்பா" என்றேன். ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நாலு வருடமாக அந்த ஆராய்ச்சிகளைப் படிக்கிறேன், பேசுகிறேன். அந்தக் கேள்வி ஒரு நாள்கூட என் மனசில் வரவில்லை. தென்னந்தோப்பில் பிறந்து, தேங்காய் விற்ற காசில் படித்தவனுக்கு வரவில்லை. அப்பாவுக்கு இரண்டு நிமிடத்தில் வந்தது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "செரி, சாப்புடு வா" என்று எழுந்துவிட்டார். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த லாரிக் கனோலா சந்தையில் நிலைக்கவில்லை. மற்றக் கனோலாவோடு கலக்காமல் தனியாக விதைத்து, தனியாக அறுத்து, தனியாக ஆட்ட வேண்டும், அதற்குச் செலவு. எதிரில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் செம்பனைக்கொட்டை எண்ணெய் மலிவாக, ஏராளமாக வந்துகொண்டிருந்தது. 1997-இல் அந்த நிறுவனமே மான்சான்டோ கைக்குப் போய்விட்டது.

செடியும் ஒத்துழைக்கவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஓல்ராக் குழுவினர் 1998-இல் ஒன்றைக் கண்டார்கள். அந்தக் கடுகு விதை ஒரு கையால் லாரிக் அமிலத்தைச் செய்கிறது, மறு கையால் அதையே எரித்துக்கொண்டிருக்கிறது! இன்னொரு சிக்கல், கிளிசரால் முதுகெலும்பின் நடு இடத்தில் லாரிக் அமிலத்தை உட்கார வைக்கக் கடுகின் நொதி சம்மதிக்கவில்லை. அதற்கு என்ன செய்தார்கள்? தேங்காய்ப் பருப்பிலிருந்து அந்த வேலையைச் செய்யும் நொதியின் மரபணுவை எடுத்துக் கடுகுக்குள் வைத்தார்கள். நடு இடத்திலும் லாரிக் உட்கார்ந்தது. 1999-இல் அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றிச் சுற்றி, கடைசியில் எங்க அப்பா தோப்புக்குத்தானே வந்தார்கள்!

அப்படியென்றால் அப்பா பயந்தது வீணா? இல்லை. எங்கள் தோப்புக்கு அடி வேறு வழியில் வந்தது. மலிவு பாமாயில் வந்தது. மரம் ஏற ஆள் இல்லாமல் போனது. வாடல் நோய் வந்தது. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ என்று ஒன்று வந்து ஓலையெல்லாம் கரியாக்கிவிட்டது. அப்போது அப்பா இல்லை. தோப்பைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அந்த ஈ வந்தபோது அவன் போன் பண்ணி, "அண்ணா, நீங்க எல்லாம் படிச்சவங்க, இதுக்கு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். கடுகில் தேங்காயைக் காய்க்க வைக்கத் தெரிந்த நமக்கு, தென்னையைக் காப்பாற்ற என்ன தெரியும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இந்தத் தொழில்நுட்பமே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்மை செய்ததையும் சொல்ல வேண்டும். சோயா எண்ணெய் சீக்கிரம் சிக்கு பிடிக்கும் என்பதால் அதில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கினார்கள். நம் வீட்டு வனஸ்பதியும் அதே முறைதான். அதில் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. இருதயத்துக்கு மிகவும் கெடுதல். சோயாவில் பேட்-2 மரபணுவை விதையில் மட்டும் அடக்கிவிட்டால், ஒலியிக் அமிலம் 20 சொச்சம் சதவீதத்திலிருந்து 75, 80-க்கு ஏறிவிடுகிறது. அந்த எண்ணெய்க்கு ஹைட்ரஜன் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பகுதி ஹைட்ரஜனேற்ற எண்ணெய்கள் பாதுகாப்பானவை அல்ல என்று 2015-இல் முடிவெடுத்து, 2018 முதல் அவற்றை உணவிலிருந்து விலக்கத் தொடங்கியபோது, இந்தச் சோயா தயாராக இருந்தது. நம் நாட்டிலும் 2022 ஜனவரி முதல் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

ஆஸ்திரேலியாவில் கடல் நுண்பாசி முதலியவற்றின் ஏழு மரபணுக்களைக் கனோலாவில் வைத்து, மீன் எண்ணெயில் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பை விதையிலேயே வரவழைத்திருக்கிறார்கள். 2018-இல் அதற்கு அங்கே அனுமதி கிடைத்தது. வளர்ப்பு மீனுக்குத் தீவனமாகக் கடல் மீனையே பிடித்து அரைக்க வேண்டியதில்லை என்றால், அது கடலுக்கும் நல்லதுதானே!

நம் நாட்டுக்கு வருவோம். நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட்டைப் பார்த்தாலே தெரியும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெண்டல் குழுவினர் உருவாக்கிய டி.எம்.எச்.-11 என்ற மரபணு மாற்றக் கடுகுக்கு 2022 அக்டோபரில் மரபுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பரிந்துரை தந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். பல பேர் அந்தக் கடுகில் எண்ணெயையே மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள். அது வீரிய ஒட்டு விதை தயாரிக்கும் முறை; எண்ணெயின் அமிலங்களை மாற்றுவது அதன் நோக்கமே அல்ல. எரூசிக் குறைந்த கடுகை நம் டெல்லி பூசா நிறுவனம் மரபணு மாற்றம் இல்லாமலே கொண்டுவந்துவிட்டது. ஆதரிப்பதானாலும் எதிர்ப்பதானாலும் எதை என்று தெரிந்து செய்ய வேண்டும். மாணவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நிலக்கடலைதான். 1987-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், பேட்-2 தானாகவே பழுதுபட்ட ஒரு கடலைச் செடி இருப்பதை அறிவித்தார்கள். இயற்கையாக நேர்ந்த பழுது. அந்தக் குணத்தை மரபணுக் குறியீட்டின் துணையோடு நம் ரகங்களில் கலப்பினம் செய்து, இக்ரிசாட் நிறுவனமும் ஜூனாகத்தில் உள்ள நிலக்கடலை ஆராய்ச்சி நிலையமும் கிர்னார் 4, கிர்னார் 5 என்ற ரகங்களை 2020-இல் நாட்டுக்குத் தந்தன. ஒலியிக் அமிலம் 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் செய்பவரைக் கேளுங்கள். மிட்டாய் சிக்கு வாடை அடிக்காமல் இன்னும் சில மாதம் தாங்கும் என்றால் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம்! கடலை தன் மகரந்தத்தில் தானே காய்ப்பது. ஒரு தடவை வாங்கிய விதையை விவசாயி அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள். சோயாவில் ஆய்வகத்தில் அடக்கியதும் கடலையில் இயற்கையாகப் பழுதானதும் ஒரே மரபணு. அந்த மரபணு என்ன செய்கிறது என்ற அறிவு இல்லாவிட்டால் மரபணுக் குறியீட்டின் துணையோடு கடலையில் அந்தக் குணத்தைக் கலப்பினம் செய்திருக்கவே முடியாது. ஆகவே, மரபணுவைப் படிப்பது வேறு, அதைப் பயிருக்குள் வைப்பது வேறு. முதலாவது எப்போதும் வேண்டும். இரண்டாவதை ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். யாரைக் கேட்டு? களத்தில் உட்கார்ந்திருப்பவரையும் கேட்டு.

அப்பாவிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: "எனக்குத் தெரியலீங்கப்பா. ஆனா நீங்க கேட்டது சரியான கேள்வி. விசாரிச்சுச் சொல்றேன்." மூன்று வாக்கியம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். மாணவர்களே, உங்களில் பலர் என்னைவிடப் பெரிய ஆய்வகங்களுக்குப் போவீர்கள். இன்றைக்கு மரபணுவைத் திருத்தும் கத்தரிக்கோல் எல்லாம் வந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது உங்கள் அப்பாவும் ஏதாவது கேட்பார். அப்போது கூச்சப்படாதீர்கள்.

நிறைவாக ஒரு செய்தி. 1983-இல் வெளியேறிய எங்கள் செட் சார்பாக, இந்தக் கல்லூரிக்கு ஒரு கேஸ் குரோமட்டோகிராப் கருவி வாங்கித் தருவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஓர் எண்ணெயில் எந்த அமிலம் எவ்வளவு என்பதை அது பிட்டுப் பிட்டு வைத்துவிடும். முதல்வர் ஐயா அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்து வைக்க வேண்டும். சுற்றுவட்டாரத்துச் செக்குக்காரரும் விவசாயியும் கொண்டுவரும் எண்ணெயை மாணவர்கள் சோதித்து, தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். 40 வந்தால் 40 என்று எழுதிக் கொடுங்கள். யாரும் சிரிக்க வேண்டாம். அவர்கள் திருப்பி ஒரு கேள்வி கேட்டால், அதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதில் தெரியாத கேள்விகளுக்குத் தனி நோட்டு. அடுத்த சந்திப்புக்கு நான் வரும்போது அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பேன்.

சாப்பாட்டுப் பந்தி தயாராகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். எந்த எண்ணெயில் சமைத்தார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கருவி வந்ததும் சொல்கிறேன்.